தாய்மாமனுக்கு ஒரு கதிரை

இந்த நாட்டில் மாடிக் குடியிருப்பின் கதவுகளுக்கு இலக்கம் கிடையாது. தெருவுக்குப் பெயர் உண்டு, கட்டடத்துக்கு இலக்கம் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் மனிதரைப் பெயரால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழ்வாசலில் அழைப்புமணிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு சட்டத்துக்குள் பெயர். அந்தச் சட்டத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் நீங்கள் அங்கே இல்லை. நீங்களே கதவைத் திறந்து "நான்தான் அது" என்று சத்தியம் செய்தாலும் தபால்காரர் நம்பமாட்டார். எண்பதுகளின் நடுவில், சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் நாங்கள் ஏழு தமிழர் குடியிருந்தோம். ஏழு பெயர்களையும் அந்தச் சட்டத்துக்குள் எழுத முயன்றோம். சிவராசா அண்ணையின் பெயரும் அவருடைய தகப்பனின் பெயருமே இடத்தை அடைத்துவிட்டதால், கடைசியில் "சிவா" என்று மட்டும் எழுதி ஒட்டினோம். அன்று தொடக்கம் தபால்காரருக்கு நாங்கள் ஏழு பேரும் ஹெர் சிவா, அதாவது திருவாளர் சிவா. காலையில் ஒரு ஹெர் சிவாவைக் கண்டு வணக்கம் சொல்லிவிட்டு, பின்னேரம் இன்னொரு ஹெர் சிவாவைக் கண்டு மறுபடியும் வணக்கம் சொல்லுவார். ஒரு வித்தியாசத்தையும் அவர் கண்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தன் பெயரை ஒட்டலாமா என்று ரொடெல் கேட்டார்.

ரொடெல் சான்ரோஸ் பிலிப்பைன்ஸ்காரர். நான் சட்டி பானை கழுவிய ஹோட்டலில் அவர் சலவைப் பகுதியில் வேலை செய்தார். நாற்பது வயது தாண்டியவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். காலைச் சாப்பாட்டுக் குசினியில் முட்டை பொரிக்கும் பென் அவருடைய அறைத் தோழர். பென்னும் பிலிப்பைன்ஸ்காரர்தான், அவருக்கு ஊரில் இரண்டு ஆண்பிள்ளைகள். ஹோட்டல் ஊழியர் விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. இரண்டு கட்டில்களையும் ஒன்றாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். சுவரில் இரண்டு குடும்பங்களின் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அதைப் பார்த்து எங்களில் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எப்படி வரும்? எங்கள் வீட்டிலும் ஏழு பேருக்கு நாலு மெத்தைதான். குளிர்காலத்தில் யார் யாரைக் கட்டிப்பிடித்துத் தூங்கினார்கள் என்று விடிந்தபின் யாரும் விசாரிப்பதில்லை.

சிவராசா அண்ணை மட்டும் விசாரித்தார். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்தவர் அவர். இங்கே அதே ஹோட்டலில் கிழங்கு தோல் சீவினார். சுற்றுவட்டாரத்தில் கலியாணப் பேச்சு எதுவும் அவர் இல்லாமல் நடந்ததில்லை என்று அவரே சொல்லுவார். இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் அவர்கள் என்ன முறை என்று கண்டுபிடிக்காமல் அவருக்கு நித்திரை வராது. பென் ரொடெலுக்காகச் சமைக்கிறார், ரொடெலோடு சண்டை பிடிக்கிறார், ரொடெலின் மகளுக்குச் சப்பாத்து வாங்கிப் பொதி செய்து அனுப்புகிறார். இவ்வளவையும் நோட்டம் பார்த்துவிட்டு அண்ணை ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்.

"உவன் பென், ரொடெலின்ர மனிசியின்ர தமையன். வேற ஆர் உப்பிடிச் செய்வான்?"

நான் தலையாட்டினேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

உண்மையை ரொடெல் என்னிடம் சொன்னது, பெயரை ஒட்டலாமா என்று கேட்ட அதே நாளில். சலவை அறையில் படுக்கை விரிப்புகளை உருளைக்குள் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நல்ல ஆங்கிலத்தில், வானிலை சொல்வதுபோலச் சொன்னார்: பென் தன் மைத்துனன் இல்லை, பென்தான் தன் குடும்பம். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைக் குறிக்க எனக்குத் தெரிந்திருந்த சொற்கள் எல்லாமே வசைச்சொற்கள். அவற்றில் ஒன்றைக்கூட இந்த மனிதருக்குப் பொருத்திப் பார்க்க முடியவில்லை. அதனால் வாயில் வந்த முதல் முட்டாள்தனத்தைக் கேட்டேன்.

"அப்படியென்றால் மூன்று பிள்ளைகள் எப்படி?"

"எல்லோருக்கும் போலத்தான்" என்றார். "இருபது வயதில் கட்டிவைத்தார்கள். உன்னைக் கேட்டா கட்டிவைத்தார்கள்?"

என்னையும் யாரும் கேட்கவில்லை. விரிப்பை மடித்துக் கொடுத்தேன்.

மனைவி லூர்துவிடம் அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவள் ஒரு வாரம் அழுதாள், ஒரு வாரம் திட்டினாள், பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். அவர்களுடைய நாட்டில் விவாகரத்து என்ற ஒன்று சட்டத்திலேயே இல்லை. ஆகவே சட்டம் பிரிக்காததை அல்ப்ஸ் மலை பிரிக்கட்டும் என்று அவள் இத்தாலிக்குப் போய் மிலான் நகரத்தில் வீட்டுவேலைக்குச் சேர்ந்தாள். இவர் இந்தப் பக்கம் வந்தார். சுவரில் தொங்கும் படத்தில் மட்டும் இன்னமும் கணவனும் மனைவியும்.

இப்போது மூத்த மகள் மாரிசெல் தாயிடம் மிலானுக்கு வந்திருந்தாள். அங்கேயே ஒரு பிலிப்பைன்ஸ் பையனைப் பிடித்துப்போய்விட்டது. பையன் வீட்டாருக்கும் சம்மதம்தான், ஆனால் முறை தவறக்கூடாது. அவர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது: பமமன்ஹிகான். பையனின் தாய் தகப்பன் சமைத்த சாப்பாட்டோடு பெண்ணின் வீட்டுப் படியேறி வந்து, பெண்ணின் தகப்பனிடம் பெண் கேட்க வேண்டும். அவர் தன் வீட்டில், தன் மேசையில் அவர்களை இருத்திச் சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ரொடெலுக்குப் படி தேவைப்பட்டது. விடுதிக்குள் விருந்தினரை விடமாட்டார்கள். விட்டாலும் ஒன்றாகத் தள்ளிய இரண்டு கட்டிலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

லூர்து தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டாள். பையனின் தாய் மோப்பம் பிடிக்கும் ஆள். புருசன் ஒரு நாட்டிலும் மனைவி ஒரு நாட்டிலும் இருப்பதன் காரணத்தை அறியத்தான் வருகிறாள். விசயம் வெளியே வந்தால் கலியாணம் நின்றுவிடும். அப்படி நின்றால் மகளின் முகத்தை இனிமேல் நீ பார்க்க முடியாது. நடந்துவிட்டால் கோயிலில் நீதான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாய். ஒரு நிபந்தனை: பென் கண்ணில் படக்கூடாது.

"சமையற்காரனாகக் குசினிக்குள் நிற்கிறேன்" என்றார் பென். "நடிக்கத் தேவையில்லை. நான் சமையற்காரன்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வீட்டைக் கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை பகுதி வருகிறது என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டேன். சிவராசா அண்ணைக்கு அது போதும். கிழங்குக் கத்தியைக் கீழே வைத்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

"பொம்பிளைப் பிள்ளையின்ர காரியம். இனி அது எங்கட வீட்டுக் காரியம்" என்றார். "ரொடெலைப் பேசாமல் இருக்கச் சொல்லு. நான் பாக்கிறன்."

நான் பயந்ததும் அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே வாசலில் நிறைகுடம் வைத்தாயிற்று. தேங்காய் கிடைக்காததால் குடத்தின்மேல் ஒரு அன்னாசிப்பழம். சாமித்தட்டில் ரொடெல் கொண்டுவந்த குழந்தை இயேசு சிலை, பிள்ளையாருக்குப் பக்கத்தில். அண்ணை இருவருக்கும் வஞ்சகமில்லாமல் பூ வைத்தார். கீழே "சிவா"வை உரித்துவிட்டு "சான்ரோஸ்" ஒட்டினேன். பென் விடியமுன்னமே வந்து பன்சித் என்ற அவர்களுடைய நூடில்ஸைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்து அடுப்பில் அண்ணையின் ஏரி மீன் குழம்பும் உளுந்து வடையும்.

மிலான் ரயிலில் வந்தவர்கள் படியேறினார்கள். முதலில் பையனின் தாய், பருத்த உடம்பு, கூர்மையான கண். பின்னால் வாயே திறக்காத தகப்பன், வெட்கப்பட்ட பையன், கடைசியில் லூர்துவும் மாரிசெல்லும். மகள் தகப்பனைக் கண்டு நாலு வருடமாகியிருந்தது. ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து அவருடைய கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றினாள். அது அவர்கள் பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை, மானோ என்பார்கள். மரியாதையோடு நிறுத்திக்கொண்டாள். ரொடெலின் கை கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது.

எல்லோரையும் மேசையில் இருத்தினோம். நாங்கள் ஏழு பேரும் வேட்டி கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றோம். விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரன் உட்காருவது எங்களில் வழக்கமில்லை அல்லவா? ஒருவன் தண்ணீர் வார்த்தான், ஒருவன் வடை வைத்தான், ஒருவன் கைகழுவச் சொம்போடு காத்து நின்றான். பையனின் தாய் எங்களை ஒவ்வொருவராக எண்ணுவதுபோலப் பார்த்தாள். பிறகு லூர்துவின் பக்கம் சாய்ந்து, இருவரும் வேறு வேறு தீவு, வேறு வேறு பேச்சு என்பதால் ஆங்கிலத்தில், இரகசியம் கேட்டாள்.

"உன் கணவர் இத்தனை வேலைக்காரர்களையா வைத்திருக்கிறார்?"

கையில் இருந்த சொம்பை நான் கீழே போடப் பார்த்தேன். புகலிடக் கோரிக்கை இன்னும் முடிவாகாத, மூன்று வருடமாகப் பிறர் தின்ற கோப்பை கழுவுகிற நான், சலவைக்காரர் ஒருவரின் அரண்மனையில் சேவகனாகிவிட்டேன். சிவராசா அண்ணைக்கு ஆங்கிலம் அரைகுறை. அவர் அந்த அம்மாளைப் பார்த்துப் புன்னகைத்து இன்னொரு வடை வைத்தார்.

அம்மாள் அத்தோடு நிற்கவில்லை. கைகழுவப் போகிறேன் என்று எழுந்து குளியலறையைச் சோதித்துவிட்டு வந்தாள். அங்கே இருந்தவை ஏழு சவரக்கத்திகள். ஒரு பெண்ணின் சீப்பில்லை, கொண்டை ஊசியில்லை, வாசனைத் திரவியமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. ரொடெலைப் பார்த்து, "நீங்கள் உத்தமர்" என்று மனமுருகிச் சொன்னாள். ரொடெல் நன்றி சொன்னார். வேறென்ன செய்வார்?

அந்தக் கணத்தில் பார்த்துத்தான் கதவு தட்டப்பட்டது. கீழ்மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி, திருமதி கெர்பர். எழுபது வயது, வீட்டுச் செருப்பு, ஏப்ரன், கையில் நான் ஒட்டிய பெயர்த்துண்டு. பிள்ளையை அடித்தாலும் பொறுப்பார், அழைப்புமணியில் அனுமதியில்லாமல் பெயர் மாற்றினால் பொறுக்கமாட்டார்.

"சான்ரோஸ் யார்?" என்று ஜெர்மன் மொழியில் இரைந்தார். "எங்கே அந்த சான்ரோஸ்?"

விருந்தாளிகளுக்குப் புரிந்த ஒரே சொல் சான்ரோஸ். ஞாயிற்றுக்கிழமையில், வீட்டுச் செருப்போடு, ஒரு வெள்ளைக்காரி உரிமையோடு உள்ளே வந்து ரொடெலின் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். பையனின் தாய் கரண்டியை வைத்தாள். தேடி வந்த பெண் கிடைத்துவிட்டாள் என்று அவள் கண் சொன்னது.

"அவள் என்ன சொல்கிறாள்?" என்று என்னைக் கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமையில் படிக்கட்டில் சத்தம் போடக்கூடாதாம்" என்றேன்.

"சான்ரோஸ் இங்கே குடியில்லை!" என்றார் திருமதி கெர்பர்.

"சான்ரோஸ் நல்ல மனிதராம்" என்றேன்.

சிவராசா அண்ணை ஓடிவந்து அவருக்குக் கதிரை போட்டு மடியில் வடைத்தட்டை வைத்தார். அவர் மறுப்பதற்கு வாயைத் திறந்தார். வடை உள்ளே போய்விட்டது. மூன்றாவது வடையோடு கோபம் ஆறி, இந்தக் குழந்தைதான் மணப்பெண்ணா என்று மாரிசெல்லின் கன்னத்தைத் தட்டிவிட்டு, பெயர்த்துண்டைக் கவனமாக ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பாட்டி வயதுக்காரியைச் சந்தேகித்ததை நினைத்துப் பையனின் தாய்க்கே வெட்கமாகிவிட்டது.

இதற்கிடையில் லூர்து எழுந்து குசினிக்குள் போயிருந்தாள். அழுகிறாளோ என்று பயந்து நான் பின்னால் போனேன். அவள் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைப் பொத்தியபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பக்கத்தில் பென்னும் அகப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார். ரொடெலின் கள்ளக்காதலி என்று ஒரு கிழவி பிடிபட்டதன் முழு நகைச்சுவையும் விளங்கக்கூடியவர்கள், ரொடெலையும் என்னையும் விட்டால், அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். இருவரும் அன்றுதான் முதல்முறையாக நேரில் சந்திக்கிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். பென் கைத்துடைப்பைக் கொடுத்தார்.

அந்தக் காட்சியைச் சிவராசா அண்ணையும் வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"நல்ல கதை! தமையனும் தங்கச்சியும் இஞ்ச நிண்டு சிரிச்சுக் கதைக்கினம், அங்க காரியம் நடக்குது!" என்றவர், பென்னின் கையைப் பிடித்தார். "தாய்மாமன் சபையில இல்லாமல் பொம்பிளையைக் குடுக்கிறதோ?"

"அண்ணை, விடுங்கோ, அவர் சமையல்..." என்று நான் இடையில் பாய்ந்தேன்.

"நீ பேசாமல் இரடா. உனக்கென்ன முறைவழக்கம் தெரியும்?"

பென்னின் ஏப்ரனை அவிழ்த்து என் கையில் திணித்தார். அவரைச் சபைக்கு இழுத்துப்போய், ரொடெலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தார்: "மதர்ஸ் பிரதர்! வெரி இம்போட்டன்ட்!"

ரொடெலின் முகத்தில் இரத்தமில்லை. பையனின் தாய் லூர்துவைப் பார்த்தாள்.

"உனக்கு இங்கே ஒரு அண்ணன் இருப்பதாகச் சொல்லவில்லையே?"

லூர்து கதவுநிலையில் நின்றாள். இல்லை என்று அவள் சொல்லலாம். சொன்னால், அப்படியானால் இவர் யார் என்ற கேள்வி வரும். அவள் வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூச்ச சுபாவம்" என்றாள். "எப்போதும் குசினியில்தான் நிற்பான்."

பேச்சு மீண்டும் ஓடத் தொடங்கியது. கோயில், மாதம், விருந்து. நான் கொஞ்சம் மூச்சுவிட்டேன். அப்போது பென் பழக்கதோசத்தில் ஒரு காரியம் செய்தார். தன் தட்டில் இருந்த மீனின் முள்ளை நிதானமாக நீக்கி, வெறும் சதையை எடுத்து ரொடெலின் சோற்றில் வைத்தார். ரொடெலும் நிமிர்ந்து பாராமல் அதைச் சாப்பிட்டார். எத்தனையோ வருடமாக நடப்பது அப்படித்தான் நடக்கும்.

பையனின் தாய் அதைப் பார்த்தாள். மாரிசெல்லும் பார்த்தாள்.

"என் அண்ணன் என் கணவருக்கு ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை" என்றாள் அம்மாள் மெதுவாக.

மாரிசெல் தகப்பனுடைய தட்டையும் பென்னின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தகப்பனுக்கு வேறொரு வாழ்க்கை இருக்கிறது என்பது மட்டும்தான் அவளுக்கு அதுவரை சொல்லப்பட்டிருந்தது. அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். பென்னின் முன்னால் குனிந்து, மீன் குழம்பு பட்ட அந்தக் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றினாள். "மாமா" என்று தங்கள் மொழியில் சொன்னாள். பிறகு தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வந்தபோது கட்டிக்கொள்ளாததற்கும் சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டாள். ரொடெல் விம்மினார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. பெண் வீட்டார் பிரிவை நினைத்து அழுகிறார்கள் என்று எண்ணிப் பையனின் தாயும் மூக்கைச் சிந்தினாள். இவ்வளவு பாசமான தாய்மாமன்தான் கலியாணத்துக்குச் சாட்சியாக, ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று அவளே தீர்மானித்தாள். மறுக்க ஒருவருக்கும் வழியில்லை.

பின்னேரம் எல்லோரும் புகையிரத நிலையத்துக்கு நடந்தோம். பையன் வீட்டார் ரயிலுக்குள் ஏறிவிட்டார்கள். லூர்து படியில் கால் வைத்தவள் இறங்கி வந்து பென்னின் முன்னால் நின்றாள். இனி நடிக்க வேண்டிய தேவை இல்லை. ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"குயா" என்றாள். அவர்களில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். "என்னுடைய சொந்த அண்ணன் மணிலாவிலிருந்து கலியாணத்துக்கு வருகிறான். அவனை என்னவென்று சொல்லி அறிமுகப்படுத்துவது என்பதை நீதான் யோசித்து வைக்க வேண்டும்."

திரும்பி வரும் வழியில் ரொடெல் முன்னால் சிவராசா அண்ணையோடு போனார். அண்ணை கலியாணத்துக்கு வாழைமரம் கட்டுவது பற்றி விளக்கிக்கொண்டு போனார். மிலானுக்குப் போக எங்களில் யாருக்கும் எல்லை தாண்டும் அனுமதியில்லை என்பதெல்லாம் அவருக்கு அப்போது ஒரு பொருட்டில்லை. நானும் பென்னும் பின்னால் நடந்தோம். நெடுநேரம் நான் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன். நான் என் மனைவியையும் தவழ்ந்துகொண்டிருந்த மகனையும் விட்டு வந்தேன். குடும்பத்துக்காகப் போனவன் என்று ஊர் மெச்சுகிறது. இவர்களும் என்னைப் போலத்தான் தூரத்தில் இருந்து உழைத்து அனுப்புகிறார்கள். இவர்களைக் குடும்பத்தை விட்டுப் போனவர்கள் என்கிறார்கள்.

"உங்கள் மகன்மார் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"பெரியவன் கப்பல் படிப்புப் படிக்கப் போகிறானாம்" என்றார் பென். "நான் செத்துவிட்டதாக அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சப்பாத்து அனுப்புகிறவன் ஒரு மாமா. தொலைபேசியில் மாமா என்று கூப்பிடுவார்கள். நானும் மாமாதான் பேசுகிறேன் என்பேன். இல்லையென்றால் குரலைக் கேட்க முடியாதே." கொஞ்சத் தூரம் நடந்தபின், "இன்றைக்கு மூன்றாவது பிள்ளைக்கும் மாமா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டு நடக்க முடியவில்லை.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. ரொடெல் மகளின் கையைப் பிடித்து நடந்த படத்தைச் சலவை அறையில் என்னிடம் காட்டினார். ஞானத்தகப்பனாகப் பென் முன்வரிசையில் நிற்கிறார். லூர்துவின் சொந்த அண்ணன், ஒன்றுவிட்ட சகோதரனாக, தூணுக்குப் பின்னால் பாதி முகத்தோடு முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

அந்தப் படத்தைப் பார்த்த கிழமை நான் தபால் கந்தோருக்குப் போய் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மனைவி மகனைக் கூட்டிக்கொண்டு பட்டணத்தில் உறவினர் கடையில் வந்து காத்திருப்பாள். ஒவ்வொரு முறையும் நடப்பதுதான் நடந்தது. "அப்பா கதைக்கிறார், கதை ராசா" என்று அவள் சொல்லுவதும், மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்பதும். அவனுக்கு அப்பா என்றால் அலுமாரியின்மேல் இருக்கும் படம். படம் கதைக்காது.

"ஆர், மாமாவோ?" என்றான் கடைசியில். தொலைபேசிக்குள் இருக்கும் ஆண்கள் எல்லோரும் அவனுக்கு மாமா.

வழக்கமாக நான் திருத்துவேன். திருத்தியவுடன் அவன் ரிசீவரைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான்.

"ஓம்" என்றேன். "மாமாதான் கதைக்கிறன். சொல்லு."

அவன் பூனை குட்டி போட்ட கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.